இரங்கல் சமநிலை

சகோதரத்துவக் கோப்பையில் ஆட செயின்ட் பிளெய்ஸ் தீவின் தேசியக் கால்பந்து அணி செயின்ட் ஓடீல் தீவுக்குப் படகேறியபோது, குழுவில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அதில் பன்னிரண்டு பேர் பந்து ஆடுகிறவர்கள். மீதிப் பேர் சங்கத்துக்காரர்கள். தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் நான்கு பேர், கொடிப் பொறுப்பாளர் ஒருவர், கொடிப் பொறுப்பாளருக்கு உதவியாளர் ஒருவர் என்று பட்டியல் நீண்டு, தலைவரின் மைத்துனரான ஊட்டச்சத்து ஆலோசகரில் முடிந்தது. அவருக்கு இடம் வேண்டும் என்பதால் இரண்டாவது கோல்கீப்பரைத் துறையிலேயே இறக்கிவிட்டார்கள். அவன் பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரையில் நின்று கையசைத்தான். ஆலோசகர் நாலு மணி நேரமும் படகின் விளிம்பில் குனிந்து, சாப்பிட்ட ஊட்டச்சத்தையெல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

முதல் கோல்கீப்பர் ஹெஸ்கித் லாபோர்ட். வயது முப்பத்தேழு. மீன் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ் ஆலையில் வேலை. பதினொரு வருடமாகத் தேசிய அணியின் கோலைக் காத்துவந்தான். திறமை காரணமல்ல. ஆள் உயரம், ஆலை முதலாளி லீவு கொடுப்பார், இரண்டும்தான் காரணம். அது அவனுக்கும் தெரியும்.

முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினான். இரண்டாவது ஆட்டத்தில் ஒன்பது. அணி திருப்பிப் போட்டது ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நாற்பது நிமிடம் சொற்பொழிவு நடந்தது. ஆட்டக்காரர்கள் வெயிலில் வரிசையாக நின்று கேட்க வேண்டும். இரண்டாவது ஆட்டத்தன்று, விளையாட்டு உடலை எப்படி உறுதியாக்குகிறது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தபோது வலது விங்கர் கிளைவ் மயங்கி விழுந்தான். சங்கம் அதைப் பற்றி விசாரிக்க ஒரு குழு அமைத்தது. பேச்சின்போது விழுவது ஒழுங்கீனம் என்று குழு அன்று மாலையே முடிவு சொன்னது.

இதெல்லாம் ஹெஸ்கித்துக்குப் பழகிப்போன விஷயம். பழகாதது வெள்ளிக்கிழமை ஆட்டம். போட்டியை நடத்தும் செயின்ட் ஓடீலோடு, தலைநகர் மைதானத்தில். அங்கேதான் அவன் மகள் ஷெர்னெல் இருந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மா ஆர்லீன், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துக் குழந்தையோடு இங்கே வந்துவிட்டாள். ஷெர்னெலுக்கு இப்போது பதினைந்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் போன் செய்து பேசுவான். முதல் இரண்டு ஆட்டமும் தெற்கு ஊரில் நடந்ததாலும், பரீட்சை இருந்ததாலும் அவள் வரவில்லை. வியாழக்கிழமை காலை போன் செய்தாள்.

"டாடி, நாளைக்கு எங்க கிளாஸே வருது. டீச்சர் பெர்மிஷன் குடுத்துட்டாங்க."

"எத்தன பேரு?"

"நாப்பத்தி மூணு. எல்லாருக்கும் சொல்லிட்டேன், எங்க டாடிதான் கீப்பர்னு."

"ஸ்கோரெல்லாம் கேட்டியா?"

"கேட்டேன். அதனால என்ன."

அதனால என்ன என்று அவள் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவள் ஆறுதல் சொல்லிப் பழகிவிட்டாள் என்று தோன்றியது.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அணி தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில் சங்கத்தின் அவசரக் கூட்டம். தலைவர் ஆக்டேவியஸ் ஷார்லமேன் டீச்சர் மேஜையில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, சின்ன விசிறி. செயலாளர் மிஸ் யூலாலி குறிப்புப் புத்தகத்தோடு பக்கத்தில். ஆட்டக்காரர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"நாம தோக்கறதுக்குப் பயப்படல," என்று தலைவர் ஆரம்பித்தார். "தோல்வி ஆட்டக்காரங்க சம்பந்தப்பட்ட விஷயம். அதுல சங்கம் தலையிடாது. ஆனா பூஜ்யம் புள்ளிங்கறது நிர்வாகம் சம்பந்தப்பட்ட விஷயம். பூஜ்யம் வாங்குன சங்கத்துக்குத் தீவுகள் ஒன்றியத்தோட செயற்குழுவுல நாற்காலி கெடையாது. ஏப்ரல்ல மாநாடு. பனி பெய்யற ஊர்ல. நான் கம்பளிக் கோட்டே தெச்சாச்சு."

கோச் பொலீடோர் எழுந்தார். "தலைவரே, கார்னர் கிக்குக்கு நம்ம பசங்க எப்படி நிக்கணும்னு ஒரு மணி நேரம் பழகினா—"

"நிகழ்ச்சி நிரல்ல இல்ல," என்றார் மிஸ் யூலாலி.

கோச் உட்கார்ந்தார்.

மிஸ் யூலாலி ஒன்றியத்தின் விதிப் புத்தகத்தைப் பிரித்து நாற்பத்தொன்றாம் விதியை வாசித்தார். போட்டி நடக்கும் நாட்களில் ஆட்டக்காரர் ஒருவரின் நெருங்கிய ரத்த உறவு காலமானால், இரு அணிகளும் தலைகுனிந்து மரியாதை செலுத்திவிட்டு ஆட்டத்தைக் கைவிடலாம். அது இரங்கல் சமநிலை எனப்படும். இரு அணிக்கும் தலா ஒரு புள்ளி. சான்றாக வானொலி மரண அறிவித்தல் போதும்.

அந்தக் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. இந்தத் தீவுகளில் டாக்டர் சொல்வதால் ஒருவன் சாவதில்லை. பகல் பன்னிரண்டரைக்கு வானொலியில் பேர் வாசிக்க வேண்டும். மனைவி பேர், பிள்ளைகள் பேர், வெளிநாட்டில் இருக்கிற தம்பி பேர், கூட டோமினோ ஆடினவர்கள் பேர் என்று கடைசிவரை வாசித்து முடித்தால்தான் செத்தான். பதிவு அலுவலகத்தின் சான்றிதழ் வர மூன்று வாரம் ஆகும். அதை யாரும் கேட்பதுமில்லை.

"ஆக, நமக்கு ஒருத்தர் தேவப்படுது," என்றார் தலைவர். "யார் வீட்டுல வயசானவங்க இருக்காங்க?"

கிளைவ் கையைத் தூக்கினான். "என் மாமியார எடுத்துக்குங்க தலைவரே."

"ரத்த உறவுன்னு போட்டிருக்கு தம்பி."

"அப்ப விதியத் திருத்துங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

யாரும் சிரிக்காமல் இருக்கத் தலைவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஹெஸ்கித்திடம் வந்து நின்றார். "நீதான் கோல்கீப்பர். மாத்துக்கு ஆளில்ல. உன் வீட்டுத் துக்கம்னா யாரும் கேள்வி கேக்க முடியாது. அப்பாவுக்கு என்ன வயசு?"

"எழுபத்தாறு."

"எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். தெனம் விடியக்காலம் வலை இழுக்கப் போறார்."

மிஸ் யூலாலி எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். "வயது எழுபத்தாறு. கடலோடு தொடர்புள்ள தொழில்."

"நம்பும்படியா இருக்கு," என்றார் தலைவர்.

ஹெஸ்கித் முடியாது என்று சொன்னான். ஒரு தடவை சொன்னான் என்பதை இங்கே குறித்துவிட வேண்டும். மிஸ் யூலாலியின் குறிப்பில் அது இல்லை.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு உன் பொண்ணு வருதாமே. கிளாஸோட. ஓடீல்காரன் பதினஞ்சு போடுவான் ஹெஸ்கித். அவன் சும்மா விடமாட்டான், சொந்த மைதானம். நீ ஒவ்வொரு தடவையும் வலைக்குள்ள குனிஞ்சு பந்த எடுப்ப. நாப்பது பிள்ளைங்க சத்தம் போட்டு எண்ணும். நான் உன்ன நெனச்சுதான் சொல்றேன்."

ஹெஸ்கித் பெஞ்சில் யாரோ ஒரு குழந்தை காம்பஸால் கீறிவைத்திருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "அப்பா சாகலன்னு ரேடியோவுல திருத்தம் எப்ப வாசிப்பாங்க?"

அவன் சம்மதித்த விதம் அவ்வளவுதான். அப்பாவைக் கொல்ல அவனுக்கு அரைக் கோப்பை தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கோச் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவுக்குப் போன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எக்பர்ட் லாபோர்ட் கடலுக்குப் போகும்போது போனை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைப்பவர். மகளுக்குக் குறுஞ்செய்தி எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான், அழித்தான். பள்ளிக்கூடத்தில் வானொலி ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எந்தப் பள்ளிக்கூடமானாலும் அதற்கு ஒரு சமையற்கட்டு உண்டு, சமையற்கட்டில் வானொலி உண்டு. அது அவனுக்குத் தெரியாததல்ல.

பன்னிரண்டரைக்கு ஆர்கன் இசை முடிந்ததும் வாசித்தார்கள்.

"செயின்ட் பிளெய்ஸ், அன்ஸ் கலே கிராமத்தைச் சேர்ந்த, மீனவர் எக்பர்ட் லாபோர்ட் தமது எழுபத்தாறாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். அன்னார், தேசிய கோல்கீப்பர் ஹெஸ்கித்தின் பாசமிகு தந்தையும், செயின்ட் ஓடீலில் வசிக்கும் ஷெர்னெலின் அன்புத் தாத்தாவும் ஆவார். அன்னாரின் பிரிவால் மீளாத் துயரில் வாடுபவர்கள்: கால்பந்து சங்கத் தலைவர் மாண்புமிகு ஆக்டேவியஸ் ஷார்லமேன், திருமதி ஷார்லமேன், சங்கத்தின் நான்கு துணைத் தலைவர்கள், பொருளாளர், செயலாளர், கொடிப் பொறுப்பாளர், ஊட்டச்சத்து ஆலோசகர், மற்றும் மாண்புமிகு தலைவரின் நண்பர்கள்."

உதவிக் கொடிப் பொறுப்பாளர் தன் பேர் விடுபட்டதைக் கண்டித்து ராஜினாமா கடிதம் கொடுத்தார். அதை ஏற்பதா மறுப்பதா என்று ஒரு குழு போட்டார்கள்.

ஒரு மணிக்கு ஹெஸ்கித்தின் போன் அடித்தது.

"யாரு?"

"செத்தவன்தான் பேசறேன்."

"அப்பா, காலையில கூப்புட்டேன்—"

"வலைய இழுத்துப் போட்டுட்டு வந்து குளிச்சு, தட்டு முன்னால உக்காந்து ரேடியோவப் போட்டா என் பேரு வருது. உப்புமீன் தொண்டையிலயே நின்னுடுச்சு. அங்கயே போயிருந்தா உங்க சங்கத்துக்கு வேலை மிச்சம்."

"நாளைக்கே திருத்தம் வாசிச்சிடுவாங்கப்பா."

"மார்வா பேர ஏன் விட்ட?"

மார்வா, அப்பாவுக்கு அடுத்த கிராமத்துப் பெண்ணிடம் பிறந்த மகள்.

"நான் எழுதலப்பா. தலைவர் எழுதினது."

"அந்த ஆளுக்கு அவன் பேர மட்டும் ரெண்டு தடவ போட்டுக்கத் தெரிஞ்சுது. மார்வா ஓடி வந்தா. நான் உசுரோட உக்காந்திருக்கேன், என்னப் பாத்துக்கிட்டே அழுவுறா. செத்ததுக்கு இல்லடா. பேரு வரலையேன்னு. ஊரே வந்திருக்கு. ஒருத்தி ரொட்டி கொண்டாந்தா, ஒருத்தன் ரம் கொண்டாந்தான். கொண்டாந்தத திருப்பி எடுத்துட்டுப் போக முடியுமா. உக்காந்து குடிக்கிறானுங்க. நானும் குடிக்கிறேன்."

ஹெஸ்கித் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"எத்தன வாங்குன?"

"மொதல்ல ஏழு. அப்பறம் ஒம்போது."

"பதினாறு." அப்பா கூட்டிச் சொன்னார். "பதினாறு கோலுக்கு என்னத் தூக்கிக் குடுத்துட்ட. சரி. சின்னவகிட்டச் சொன்னியா?"

"இன்னும் இல்லப்பா."

"அட மானங்கெட்டவனே," என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. யாரோ ஒருத்தனுடைய பேரை விசாரித்துத் தெரிந்துகொண்டவர் போலச் சொன்னார். போன் நின்றுவிட்டது.

ஆட்டம் நாலு மணிக்கு. மூன்றரைக்கே மைதானம் நிறைந்துவிட்டது. செயின்ட் ஓடீல் சங்கத்துக்காரர்கள் துக்கத்தில் பின்தங்க விரும்பவில்லை. போலீஸ் பேண்டு வாத்தியத்தை வரவழைத்து, கோல் கம்பங்களுக்குக் கறுப்புத் துணி சுற்றி, வேர்க்கடலை விற்கிறவன் கையில்கூடக் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். ஷெர்னெலின் வகுப்பு மேற்கு வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தது. நாற்பத்து மூன்று பேர் தலையிலும் கறுப்பு ரிப்பன். அவர்கள் துதிப்பாட்டு ஒன்றைப் பாடினார்கள். நன்றாகப் பாடினார்கள். பக்கத்தில் நின்ற கிளைவ், "மச்சான், இதுக்குப் பதினஞ்சே வாங்கியிருக்கலாம்டா," என்று வாயை அசைக்காமல் சொன்னான்.

செயின்ட் ஓடீல் சங்கத் தலைவர் ஃபெலிசியன் மைக்கைப் பிடித்தார். "சகோதரத் தீவின் துயரம் எங்கள் துயரம். இந்த மரணம் மட்டும் எங்கள் தீவில் நிகழ்ந்திருந்தால் ஏற்பாடுகள் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்த முறை எங்களுக்கும் வாய்ப்பளிக்க வேண்டும்."

கைதட்டல்.

அடுத்தது ஷார்லமேன். "அமரர் எக்பர்ட் லாபோர்ட்டை நான் நேரில் சந்தித்ததில்லை. அதற்கு எனக்கு நேரமும் இருந்ததில்லை. ஆனால் எழுபத்தாறு ஆண்டுக் காலம் இந்தச் சங்கத்திடம் எதையும் கேட்காமல் வாழ்ந்து, தேவையான வெள்ளிக்கிழமையன்று சங்கத்துக்கு உதவிய மனிதர் அவர். ஆட்டக்காரர்கள் பந்தால் செய்ய முடியாததை ஒரு முதியவர் படுத்துக்கொண்டே செய்தார். இளைஞர்கள் இதிலிருந்து பாடம் கற்க வேண்டும்."

இரண்டு துணைத் தலைவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர்களும் கூட்டத்தில் கையைத் தூக்கியவர்கள்தான்.

பிறகு மலர் வளையம். பேத்தியை அழைத்தார்கள். ஷெர்னெல் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புல்லின் மேல் நடந்து வந்தாள். எட்டு வருடத்தில் அவன் அவளை நேரில் பார்த்தது இரண்டு தடவை. இவ்வளவு உயரமாக இருப்பாள் என்று நினைத்திருக்கவில்லை. உயரம் அவனுடையது. வளையத்தை நடுக்கோட்டில் வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினாள்.

"தாத்தாவுக்குப் போன் பண்ணினேன் டாடி."

"ஷெர்னெல்."

"ஆறுதல் சொல்ல வீட்டுல யாராவது இருப்பாங்கன்னு பண்ணினேன். தாத்தாவே எடுத்தார். கொஞ்சம் குடிச்சிருந்தார். மத்தபடி நல்லாதான் இருக்கார்."

அவன் மேற்கு வரிசையின் கறுப்பு ரிப்பன்களைப் பார்த்தான்.

"என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட நான் சொல்லல. நீங்க சொல்லப் போறீங்களா?"

அப்போதுதான் மிஸ் யூலாலி மைக்கை அவன் கையில் கொடுத்தார். துக்க வீட்டார் நன்றி சொல்வது மரபு. மைக்கோடு ஒரு காகிதமும் கொடுத்தார். நன்றி சொல்லப்பட வேண்டியவர்களின் பேர்கள், பதவி வரிசைப்படி.

மைதானம் முழுவதும் அவனைப் பார்த்தது. மகள் பார்க்கவில்லை. அவள் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாக்கியம் போதும். எங்கப்பா உசுரோட இருக்கார், வாங்க ஆடலாம். அவ்வளவுதான். பந்து மைதானத்திலேயே இருந்தது, ரெஃப்ரியின் காலடியில்.

ஹெஸ்கித் காகிதத்தைப் பிரித்து வாசித்தான்.

"மாண்புமிகு தலைவர் ஆக்டேவியஸ் ஷார்லமேன் அவர்களுக்கும், திருமதி ஷார்லமேன் அவர்களுக்கும்..." என்று தொடங்கி, துணைத் தலைவர்கள் நான்கு பேரையும் வரிசை மாறாமல் வாசித்தான். ஒரு பேரைத் தவறாக உச்சரித்து, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வாசித்தான். குரல் நடுங்கியது. அதைக் கேட்டுப் பெண்கள் வரிசையில் பலர் அழுதார்கள். இரு தீவுச் சங்கத்தாருமாக இருபத்தாறு பேர். கடைசிப் பேர் ஊட்டச்சத்து ஆலோசகருடையது. எல்லாவற்றையும் வாசித்தான்.

ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதினார். ஒரு நிமிட மௌனம். நடுவில் ஒரு ஆடு புகுந்து மலர் வளையத்தைத் தின்ன ஆரம்பித்ததால் நாற்பது வினாடி கூடுதல் நேரம் கொடுத்தார். கூடுதல் நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் ஆட்டைச் சத்தமில்லாமல் இழுத்துப் போனார். பிறகு நீண்ட விசில். பலகையில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று எழுதினார்கள். செயின்ட் பிளெய்ஸ் தன் வரலாற்றில் வாங்கிய முதல் புள்ளி. தலைவர் ஓடிவந்து கோல்கீப்பரைக் கட்டிப்பிடித்தார்.

"ஒரு கோல்கூட விடல," என்றார் காதில். "ஒண்ணுகூட."

"திருத்தம் நாளைக்குத்தானே தலைவரே?"

"திருத்தமா? இப்ப எப்படிப்பா. ஒன்றியம் ஏப்ரல்லதான் புள்ளிய உறுதி செய்யும். அதுவரைக்கும் அப்பாவ வெளிய தெருவ அதிகம் போகவேணாம்னு சொல்லு. கோயிலுக்கும் வேணாம். கேட்டா ஒரு குழு போடறோம்." கோட்டுப் பைக்குள் விசிறியைத் திணித்துக்கொண்டு அவர் புகைப்படக்காரரைத் தேடிப் போனார்.

ஷெர்னெல் இன்னும் அங்கேயே நின்றாள். ஹெஸ்கித் கையுறையைக் கழற்றினான். அதில் மண் ஒரு துளி இல்லை.

"ஆடியிருந்தா எத்தன விழுந்திருக்கும் டாடி?"

"தெரியல. பத்து. பன்னெண்டும் ஆகியிருக்கும்."

"நான் அதப் பாக்கத்தான் வந்தேன்."

"அதுல பாக்க என்னம்மா இருக்கு?"

"நீங்க இருப்பீங்க," என்றாள். "ஒரு தடவ கூட நீங்க ஆடி நான் பாத்ததில்ல."

அவன் அவள் தலையைத் தொடப் போனான். கறுப்பு ரிப்பனைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டான்.

"பஸ் நிக்குது," என்றாள். "ஞாயித்துக்கிழமை போன் பண்ண வேணாம் டாடி. நானே பண்றேன்."

அவள் மேற்கு வரிசையை நோக்கி நடந்தாள். பாதி வழியில் தோழி ஒருத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஷெர்னெல் அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். மற்ற பிள்ளைகளும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தன் மானத்தைக் காப்பாற்ற நடிக்கிறாள் என்று ஹெஸ்கித் நினைத்தான். நன்றாக நடிக்கிறாள் என்றும் நினைத்தான். மற்ற பிள்ளைகள் விலகி பஸ்ஸுக்குப் போனார்கள். மைதானத்துக்காரர்கள் கறுப்புத் துணியை அவிழ்த்து, கம்பங்களைப் பிடுங்கி, வலையைச் சுருட்டத் தொடங்கினார்கள். அவள் தோழியின் தோளிலிருந்து இன்னும் முகத்தை எடுக்கவில்லை.